ஒருமுறை விழித்த இயந்திரம்

கனத்த கதவு சாத்திக்கொண்டதும் ஏசியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஜெசிந்தா கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்போன் வெளியே பிளாஸ்டிக் தட்டில் கிடந்தது, கைக்கடிகாரமும் அங்கேதான், இனி வேலை முடிகிறவரை வீட்டிலிருந்து புருஷன் கஸ்பார் கூப்பிட்டாலும் தெரியாது, குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் தெரியாது. எதிர்வீட்டு ஃபிலோமினா அக்காவிடம் சாவி இருக்கிறது, அவ்வப்போது எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், பார்ப்பாள், மறக்கமாட்டாள், மறந்தால்தான் என்ன, அவர் ஒன்றும் குழந்தை இல்லையே, ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், துறைமுக அலுவலகத்தில் எத்தனை கப்பலுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த மனுஷன். ஆனால் அந்த மனுஷனா இப்போது வீட்டில் உட்கார்ந்திருப்பது? இந்த எண்ணம் வந்ததும் வழக்கம்போல அவள் அதைக் கையால் ஈயை விரட்டுவது மாதிரி விரட்டினாள். "மேடம், ஆரம்பிக்கலாமா?" என்றான் இளம்பரிதி. அவன் இன்று கணினியை இயக்கப்போகிறவன், முப்பது வயசு, காலையிலேயே ஷேவ் செய்து வந்திருந்தான், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவன் போல. சுவரோரமாக நாற்காலியில் டாக்டர் மீனலோசனி உட்கார்ந்திருந்தார், சாட்சியாக. சிறுநீரகப் பிரிவில் முடி நரைத்தவர். மருத்துவமனைகள் தரப்பிலிருந்து ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தரமணியில் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலில்லாத இந்த அறையில், இன்று ஒரு சாவி பிறக்க வேண்டும்.

சாவி என்றால் இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை. ஒரு எண், வாயால் சொல்லி முடியாத அளவுக்குப் பெரிய எண். இவர்களுடைய நிறுவனம் செய்கிற டயாலிசிஸ் இயந்திரங்கள் எத்தனையோ ஊர்களில் ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றுக்குப் புதிதாக ஒரு மென்பொருள் அனுப்பினால், அந்த எண்ணால் போட்ட கையெழுத்து அதில் இருந்தால்தான் இயந்திரம் அதை உள்ளே விடும், இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடும். பழைய சாவியின் காலம் முடிந்துவிட்டது. இயந்திரத்தின் ஒரு கணக்கு, உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுக்கிறது என்கிற கணக்கு, சில சமயம் கொஞ்சம் தவறிப்போகிறது என்று தெரிந்து, அதற்குத் திருத்தம் எழுதி முடித்தும் ஆகிவிட்டது, ஆனால் புதுச் சாவி பிறக்காமல் அது வெளியே போக முடியாது. அதுவரைக்கும் நர்சுகள் ஒவ்வொரு நோயாளியையும் தராசில் ஏற்றி இறக்கிக் கையால் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாவியைப் பிறப்பிக்கப் போகிற லேப்டாப் இதோ மேசைமேல், முத்திரை வைத்த பையில், இணையத்தின் வாடையே படாதது, வைஃபை அட்டையைக்கூடக் கழற்றி எறிந்தாயிற்று. ஆனால் அது நாம் வைத்த அதே லேப்டாப்தானா? யாரோ உள்ளே கைவைத்து, பிறக்கிற எண்ணைத் தனக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்கிற மாதிரி எதையாவது சொருகியிருந்தால்? அதைப் பார்த்துச் சொல்வதுதான் ஜெசிந்தாவின் வேலை. அவள் 'பொருந்துகிறது' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றதெல்லாம் நடக்கும்.

பரிதி பையைக் கிழித்து லேப்டாப்பைக் குப்புறப் போட்டான். திருகாணிகளின் தலைமேல் நகப்பூச்சு, மினுமினுப்புத் தூள் கலந்தது, ஃபேன்சி ஸ்டோரில் அவளே வாங்கியது. தூள் விழுகிற விதத்தை யாராலும் இரண்டாம் முறை அதேபோல விழவைக்க முடியாது என்பதற்காக. பூசிய அன்றைக்கு எடுத்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மினுக்கையும் பார்த்தாள், இந்தச் சிவப்புத் துகள் இங்கே, அந்த வெள்ளித்துகள் விளிம்பில், எல்லாம் அப்படியே. "நெயில் பாலிஷா!" என்று டாக்டர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "கோடிக்கணக்குல செலவு பண்ற இடத்துல?" "இதைத் தோக்கடிக்கிற பூட்டு இன்னும் வரல டாக்டர்." டாக்டர் சிரித்தார். பரிதி பூச்சைச் சுரண்டித் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான், ஒவ்வொன்றும் 'கிட்' என்று இளகியது, அந்தச் சத்தம் ஜெசிந்தாவின் பல்லில் வந்து நின்றது. கஸ்பாரின் மண்டையைத் திறந்தபோதும் இப்படித்தான் ஏதாவது சத்தம் கேட்டிருக்கும், அவள் வெளியே காரிடாரில் இருந்தாள், கேட்கவில்லை, ஆனால் கேட்டமாதிரியே இருக்கிறது. தலைக்குள்ளிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டியை எடுத்தோம் என்று சர்ஜன் கையைக் குவித்துக் காட்டினார். சுத்தமாக எடுத்துவிட்டோம், ஆபத்தானது இல்லை, அதிர்ஷ்டக்காரர் உங்கள் வீட்டுக்காரர். மொட்டைத் தலையில் காதுக்கு மேலே லாடம் மாதிரி தையல். அவர் கண்ணைத் திறந்ததும் உங்க பேரு என்ன என்று சர்ஜன் கேட்டார், 'கஸ்பார்' என்றார், ஊரைக் கேட்டார், 'தூத்துக்குடி' என்றார், இவங்க யாரு என்று அவளைக் காட்டிக் கேட்டார், 'ஜெசி'. எல்லாரும் சிரித்தார்கள், நர்ஸ் கைதட்டினாள். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் அந்த 'ஜெசி' என்ற சொல் வரும்முன் ஒரு நொடி இடைவெளி இருந்தது, அதை அவள் மட்டும்தான் கேட்டாள், அந்த ஒரு நொடிக்குள் அவள் இன்னும் விழுந்துகொண்டேயிருக்கிறாள்.

அடிமூடி கழன்றது. பச்சைப் பலகை, கறுப்புச் சதுரங்கள், நடுவில் விரல்நகத்தைவிடச் சின்னதாக எட்டுக் கால் வைத்த ஒரு சிப். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், பார்க்கும்போதெல்லாம் மூச்சு ஒரு படி இறங்கும். பொத்தானை அமுக்கியதும் இந்தக் கணினிக்குத் தான் ஒரு கணினி என்பதே தெரியாது. திரை என்றால் என்ன, விசை என்றால் என்ன, நினைவு எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. ஒரேயொரு காரியம்தான் தெரியும், ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய் அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய். அந்த இடம் இந்தச் சிப்புக்குள் இருக்கிறது. அங்கே எழுதியிருப்பதற்குத்தான் ஃபர்ம்வேர் என்று பேர். அது சொல்லித்தான் கணினி கண்ணைத் திறக்கிறது, கையைக் காலை அசைக்கிறது, நான் இன்னார் என்று தெரிந்துகொள்கிறது. அது பொய் சொன்னால் அந்தப் பொய்தான் உண்மை, ஏனென்றால் அதற்குமுன் ஒன்றும் இல்லை, கேட்டுத் தெளிய ஆளில்லை. சின்ன வயதில் பனிமய மாதா கோயிலில் பூசையின் நடுவே மணியடித்து எல்லாரும் முழங்காலில் விழுகிற அந்த நிசப்தத்தில், இதற்குமுன் என்ன இருந்திருக்கும், அதற்கும் முன்னால், அதற்கும் முன்னால் என்று யோசித்து யோசித்துத் தலைசுற்றி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. இப்போது பிடித்துக்கொள்ள முந்தானை இல்லை. அவள் சிப்பின்மேல் கிளிப்பைப் பொருத்தினாள், துணிக் கிளிப்பு மாதிரிதான் இருக்கும், எட்டுக் காலையும் எட்டுப் பல்லால் கவ்வும். லேப்டாப்பை எழுப்பாமலே, தூங்குகிறபோதே, அதன் உள்ளே இருப்பதை இன்னொரு சின்னக் கணினி வாசித்துவிடும். தூங்குகிற முகத்தைப் பார்ப்பதுபோல. கஸ்பார் தூங்கும்போது அவரேதான், அதே மூக்கு, அதே லேசான குறட்டை, விழித்தால்தான் சந்தேகம்.

"ஜெசிந்தா, எனக்கு ஒண்ணு புரியல" என்றார் டாக்டர். "இந்தச் சிப்புக்குள்ள லட்சக்கணக்குல எழுத்து இருக்கும்ங்கறீங்க. அத்தனையும் எப்படி ஒத்துப்பாப்பீங்க?" "எல்லாத்தையும் சேத்து அரைச்சுப் பிழிஞ்சா அறுபத்து நாலு எழுத்து வரும் டாக்டர். நாங்க எழுதி வச்சதைப் பிழிஞ்சா என்ன வரும்னு முன்னாடியே தெரியும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான்." "உள்ள ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தா? கடைசி எழுத்து மட்டும் வேற வருமா?" "இல்ல. மொத்தமும் வேற வரும். சொந்தக்காரங்கன்னே சொல்லமுடியாது." டாக்டர் புருவத்தை உயர்த்தி, "கெட்டிக்காரத்தனம்தான்" என்றார். கெட்டிக்காரத்தனமா? ஜெசிந்தாவுக்கு அது கெட்டிக்காரத்தனமாக ஒருநாளும் பட்டதில்லை, கடற்கரையில் நின்றுகொண்டு இருட்டில் அலையைக் கேட்பதுபோலத்தான் பட்டது. கொஞ்சம் மாறியிருக்கிறது, ஏறக்குறைய அதேதான், போகப்போகச் சரியாகிவிடும், இப்படியெல்லாம் சொல்லத் தெரியாத ஒரு கணக்கு. அதே, இல்லையென்றால் வேறே. மனுஷனுக்கு இப்படி ஒன்று இருந்தால்? வேண்டாம். இருந்தால் அவளுக்குத் தைரியம் வருமா, போட்டுப் பார்க்க? கஸ்பார் முன்பெல்லாம் காப்பியில் சர்க்கரை போட்டால் முகம் சுளிப்பார், இப்போது பாயசம் மாதிரி குடிக்கிறார். செய்தி பார்த்துக் கத்துகிறவர், இப்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு வாசிப்பவளின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜோக் சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்தபின் தனியாகச் சிரிக்கிறார். ஒருநாள் ராயபுரம் வீட்டு மொட்டைமாடியில் மழை வருவதைப் பார்த்துக்கொண்டு நின்று, 'எவ்வளவு பெருசா வருது பாரு' என்றார், ஏதோ முதல்முறை பார்க்கிறவர் மாதிரி. அவளுக்கு முதுகு சில்லிட்டது. மழைக்காக இல்லை.

வாசித்து முடித்ததற்கான மின்மினி விளக்கு எரிந்தது. சின்னக் கணினியின் திரையில் அந்த அறுபத்து நாலு எழுத்து வரி வந்தது. ஜெசிந்தா கையிலிருந்த தாளில் இருந்த வரியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். முதல் எழுத்திலேயே வேறு. இரண்டாவதும் வேறு. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, "கிளிப் சரியா உக்காரல போல" என்றாள். அது நடக்கிறதுதான், ஒரு பல் சரியாகக் கவ்வாவிட்டால் வாசிப்பில் குப்பை வரும், குப்பையைப் பிழிந்தால் குப்பைதான் வரும். கழற்றி, சிப்பின் காலைத் துடைத்து, மறுபடி பொருத்தினாள். வாசிக்கட்டும். மறுபடி அதே வரி. அவள் எதிர்பார்த்த வரி இல்லை, சற்றுமுன் வந்த தப்பான வரி, எழுத்துக்கு எழுத்து அதே. குப்பை என்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பையாக அல்லவா வரும். தப்பு இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தால் அது தப்பு இல்லை, சிப்புக்குள் அதுதான் இருக்கிறது. இன்னொரு கிளிப்பை எடுத்தாள், வேறு ஆள் வேறு ஊரில் வாங்கி வந்தது, வாசிக்கிற கருவியே பொய் சொல்கிறதோ என்ற சந்தேகத்துக்கென்று வைத்திருப்பது. அந்தச் சந்தேகத்துக்கும் பின்னால் இன்னொரு சந்தேகம், அதற்கும் பின்னால் இன்னொன்று, எங்கோ ஓரிடத்தில் கால் ஊன்றித்தான் ஆகவேண்டும். மூன்றாம் முறையும் அதே வரி. இப்போது அவளுக்குப் பயத்தைவிட வேறொன்று மேலே வந்தது. பூட்டிய பை, அலுங்காத மினுக்கு, ஒரு கீறல் கிடையாது, கண்ணால் ஆயிரம் முறை பார்த்தாலும் அதே லேப்டாப். ஆனால் அந்த நகத்தளவுக் கறுப்புச் சதுரம், 'நான் அது இல்லை' என்று சொல்கிறது. அலட்டாமல் சொல்கிறது. கேட்டவுடன் சொல்கிறது.

எங்கே மாறியிருக்கிறது என்று சிப்பில் இருப்பதையும் தாங்கள் எழுதி வைத்ததையும் வரிக்கு வரி ஒட்டிப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தது, ஒரு மூலையில் மட்டும் வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில் சில எழுத்துகள். அந்த மூலை அவளுக்குத் தெரியும். கணினி எழுந்திருக்கும்போது தன் சொந்த உபயோகத்துக்காகச் சில குறிப்புகளை அங்கே எழுதிக்கொள்ளும், நினைவகம் இவ்வளவு, திரை இப்படி என்று. எழுந்திருக்காத கணினி அங்கே ஒன்றும் எழுதாது. "இது ஒரு தடவை முழிச்சிருக்கு" என்றாள். பரிதியின் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் மேசைமேல் மெதுவாக இறங்கியது. "மேடம்" என்றான். காது மடல் சிவந்திருந்தது. "நான்தான் மேடம். ஃபர்ம்வேர் ஏத்தி முடிச்சப்புறம், பைக்குள்ள போடறதுக்கு முன்னாடி. நீங்க நகப்பூச்சு எடுக்க மேல போயிருந்தீங்க. எழுந்திரிக்குதான்னு ஒரே ஒரு தடவை பாத்தேன். எழுத்து வந்த உடனே அணைச்சுட்டேன். இன்னிக்கு எல்லாரும் வந்து உக்காந்தப்புறம் உயிரில்லாம கிடந்துச்சுன்னா என்ன பண்றதுன்னு ஒரு பயம். அது இப்படி ஒட்டிக்கும்னு தோணவே இல்ல." அவன் சொல்லும்போதே அவளுக்குப் புரிந்தது, உண்மைதான், இவன் அப்படிப்பட்டவன்தான், குழந்தை மூச்சு விடுகிறதா என்று எழுப்பிப் பார்க்கிற தகப்பன் மாதிரி. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பாடா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். சரி, காரணம் தெரிஞ்சுபோச்சே. மேல பாக்கலாமே?"

ஜெசிந்தா அந்த வரியை மறுபடி பார்த்தாள். மேலே பார்க்கலாம். பரிதியை அவள் நம்புகிறாள், தன் தம்பியை நம்புகிற மாதிரி நம்புகிறாள். ஆனால் அவன் சொன்ன கதை உண்மையாக இருந்தாலும் சிப்பில் இதே தழும்புதான் இருக்கும், வேறு யாரோ எழுப்பி, வேறு எதையோ செய்து, கையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தாலும் மேலுக்கு இதே தழும்புதான் இருக்கும், இரண்டையும் பிரித்துச் சொல்ல அவளால் முடியாது. சிப்பை அழித்துப் புதிதாக எழுதிவிடலாமா? எழுதலாம், ஆனால் விழித்த கணினிக்குள் வேறு எந்தச் சிப்பில் என்ன ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். "டாக்டர், இதை எடுக்கமுடியாது" என்றாள். "அவர்தான் சொல்றாரேம்மா! முகத்தைப் பாத்தா தெரியலையா? அங்க என் வார்டுல நர்ஸ் பொண்ணுங்க பேஷண்ட் ஒவ்வொருத்தரையும் தூக்கித் தூக்கித் தராசுல வச்சிட்டிருக்காங்க. ஒரு நாள் ஒருத்திக்குக் கை தவறிடுச்சுன்னா?" குரல் உயரவில்லை, அதனாலேயே உறைத்தது. மாற்று லேப்டாப் ஒன்று இருக்கிறது, ஒன்றே ஒன்று, பெட்டகத்துக்குள். அதுவும் ஒத்துப்போகவில்லையென்றால் இன்று சாவி இல்லை, இதையெல்லாம் மறுபடி ஏற்பாடு செய்ய மாதக்கணக்காகும். "பரிதி, அதையும்..." அவள் முடிப்பதற்குள் அவன் தலையை ஆட்டினான், "இல்ல மேடம், அதைத் தொடவே இல்ல, சத்தியமா." அவள் அவனைப் பார்த்தாள். நம்பினாள். "நான் உங்களை சந்தேகப்படல பரிதி. நாளைக்கு நம்மளைத் தெரியாத ஒருத்தர் கேட்டா, அவர் சொன்னாரு, நான் நம்பினேன்னு சொல்லமுடியாது. அதுக்குத்தான்." அவன் "புரியுது மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து பெட்டகத்துக்குப் போனான். முதல் லேப்டாப்பை அவள் மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள். பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை, எழுப்பினார்கள், எழுந்தது.

பெட்டகத்தின் எண்பூட்டை பரிதி திருகிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்திருந்தாள், பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி. நம்ம கல்யாணத்துல மோதிரத்தை மறந்துட்டு வந்தது யாரு? மூத்தவன் பிறந்த ராத்திரி எந்த டிரைவர் வண்டி எடுத்தான்? பதில் வந்தால் அன்று முழுக்க மனசு லேசாக இருக்கும், வராவிட்டால் பாத்திரம் கழுவும்போது தட்டு கைநழுவும். கஸ்பார் இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஜெசி, நீ தினமும் என்னைக் கேக்க. நானும் சொல்லுதேன். இப்ப நான் ஒண்ணு கேக்கட்டா?" "கேளுங்களேன்." "முன்னால இருந்த ஜெசி என்கிட்ட சண்டை போடுவா. சோத்துல உப்பு கூடிப்போச்சுன்னா 'தின்னா தின்னுங்க'ம்பா. இப்ப நீ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுத. மெல்ல நடக்க. நான் தூங்கும்போது வந்து உத்துப் பாக்க. நீ யாரு?" விளையாட்டாகத்தான் கேட்டார் என்று அப்போது நினைத்தாள். இப்போது, பெட்டகம் திறக்கிற இந்தச் சத்தத்தில், அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை மாதமும் அவளைத் தன் ஞாபகத்தில் இருந்த ஒருத்தியோடு ஒட்டிப் பார்த்து, பொருந்தாமல், ஒன்றும் சொல்லாமல், பக்கத்திலேயே படுத்திருக்கிறார். அவள் மண்டையை யாரும் திறக்கவில்லை. இருந்தும் மாறிப்போயிருக்கிறாள். கண்ணில் ஏதோ சுரந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஏசியில் குளிர்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது பை கிழிந்தது, மினுக்குத் துகள்கள் ஒத்துப்போயின, திருகாணிகள் இளகின. அவள் கிளிப்பைப் பொருத்தினாள். வாசிப்பு ஓடத் தொடங்கியது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், கோபம் போயிருந்தது. "ஆபரேஷன் தியேட்டர்ல இப்படித்தான் இருக்கும்" என்றார் மெல்ல. "கிட்னியை வச்சுத் தச்சு, ரத்தக்குழாயைத் திறந்துவிடுவோம். வெளுத்துக் கிடந்தது அப்படியே ரோஜாக் கலராகும். அப்புறம் முதல் சொட்டு யூரின் வர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கமாட்டோம். எத்தனையோ பாத்தாச்சு. இன்னும் கை சில்லிட்டுத்தான் போகும்." "வந்துட்டா?" "வந்துட்டா என்ன. ஆம்பள பொம்பள எல்லாரும் அந்தக் குழாயையே பாத்துக்கிட்டு நிப்போம், ஏதோ சாமியைப் பாக்குற மாதிரி." மின்மினி எரிந்தது. வரி வந்தது. ஜெசிந்தா திரையைப் பார்க்கவில்லை. "வாசிங்க பரிதி" என்றாள், தன் கையிலிருந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு. பி என்றால் டி என்று கேட்கும், சி என்றால் இ என்று கேட்கும் என்பதால் எழுத்துகளுக்கு அவர்கள் அந்தந்த ஆங்கில எழுத்தில் தொடங்குகிற சென்னை நிறுத்தங்களைப் பேராக வைத்திருந்தார்கள். "ஏழு" என்றான் பரிதி. ஏழு. "சேத்துப்பட்டு." சேத்துப்பட்டு. "பூஜ்ஜியம். நாலு. எக்மோர்." எக்மோர். "பீச். ஒம்பது. பீச்." டாக்டர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார், கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு தானாகவே அடங்கிப்போனது. "ஆவடி. டவுட்டன். ரெண்டு. ஃபோர்ட்." ஒவ்வொரு நிறுத்தமாக வண்டி நின்று நின்று போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொன்றிலும் அவள் விரலுக்கடியில் அதே எழுத்து அவளுக்காகக் காத்திருந்தது. என்ன இது, இவன் பார்ப்பது பூட்டிய பெட்டகத்துக்குள் கிடந்த ஒரு சிப்பு, அவள் பார்ப்பது வேறொரு நாளில் வேறொரு கணினி போட்ட கணக்கு, ஒன்றுக்கொன்று தெரியாது, ஆனாலும் இருட்டில் இரண்டு பேர் ஒரே பாட்டைப் பாடுகிற மாதிரி ஒரு எழுத்து பிசகாமல் வருகிறதே. உள்ளே ஒரு புள்ளி அசைந்திருந்தாலும் இந்தப் பாட்டு இல்லை. ஒரு தூசி இல்லை. ஒரு கை படவில்லை. கழுத்துக்குப் பின்னால் மயிர் குத்திட்டது. "மூணு. எக்மோர். ஆறு" என்றான் பரிதி. "முடிஞ்சது மேடம்." அவள் விரலும் கடைசி எழுத்தில்தான் இருந்தது. "பொருந்துகிறது" என்றாள். எழுத்துத்தமிழில் சொன்னாள், தன்னையறியாமல்.

அதற்குப்பிறகு நடந்தது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கிளிப்பைக் கழற்றி மூடியைப் பூட்டினார்கள். பரிதி பொத்தானை அமுக்கினான், லேப்டாப் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண் விழித்தது, சொன்ன இடத்துக்குப் போய்ச் சொன்னதைப் படித்து, தான் இன்னது என்று தெரிந்துகொண்டது. கட்டளையைத் தட்டிவிட்டு அவன் கையை எடுத்துக்கொண்டான். விசிறி ஒருமுறை வேகமெடுத்து அடங்கியது. அந்தச் சின்ன இரைச்சலுக்குள் எங்கேயோ ஒரு எண் பிறந்தது, உலகத்தில் இதுவரை யாரும் நினைத்துப்பார்த்திராத எண், இனி ஒருவரும் எதேச்சையாகக்கூடத் தொடமுடியாத எண், கடற்கரை மணலையெல்லாம் எண்ணினாலும் அதன் வாசலைக்கூட எட்டமுடியாது. அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது என்னவென்று தெரியாது, தெரியவும் கூடாது. யாரும் சொல்லாமலே டாக்டர் எழுந்து நின்றிருந்தார். பரிதியும். "அவ்வளவுதானா?" என்றார் டாக்டர், கிசுகிசுப்பாக. "அவ்வளவுதான் டாக்டர்." "திருத்தம் எப்ப வரும்?" "சாயங்காலம் கையெழுத்தாயிடும். நாளைக்கு உங்க வார்டுக்கு வந்துடும்." டாக்டர் அவள் தோளைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார், பிறகு பரிதியிடம் போய், "நீ பயந்தது தப்பில்லப்பா, நானா இருந்தாலும் எழுப்பிப் பாத்திருப்பேன்" என்றார். அவன் சிரிக்க முயன்று, முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கதவைத் திறந்ததும் வெளியே காரிடாரில் உயரத்து ஜன்னல் வழியே விழுந்த பிற்பகல் வெயில் கண்ணைக் கூசவைத்தது, உலகத்தில் இவ்வளவு வெளிச்சம் இருந்ததையே மறந்திருந்தாள். தட்டிலிருந்து போனை எடுத்தாள், அழைப்பு ஒன்றும் வந்திருக்கவில்லை. கூப்பிட்டாள். நெடுநேரம் மணியடித்து, பிறகு, "ஜெசியா?" என்றார் கஸ்பார். கேள்வி எதுவும் கேட்கக்கூடாது என்று நினைத்தாள், கேட்காமல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "என்ன செய்யுதிய?" என்றாள். "காசிமேட்டுக்குப் போயிட்டு வந்தேன். மீன் வாங்கியிருக்கேன்." "தனியாவா போனிய?" குரல் தானாக ஏறியது. "தனியாத்தான். ஃபிலோமினா கூட வாரேன்னா, நான்தான் வேண்டாம்னுட்டேன். ஆட்டோல போய், ஆட்டோல வந்தேன். நல்ல மீனு ஜெசி. ஆனா பேருதான் வரமாட்டேங்கு. மீன்காரம்மா சொன்னா, வாசல் வரைக்கும் இருந்துச்சு, பையைக் கீழ வச்சதும் போயிட்டு." கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஆள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எப்படி இருக்கு, சொல்லுங்க." "எப்படின்னா... முதுகு பச்சையா இருக்கு, ஆனா பச்சை இல்ல, வெளிச்சத்துல திருப்புனா நீலமாப் போவுது. வயிறு வெள்ளி. வாலுப் பக்கத்துல ரம்பம் மாதிரி வரிசையா முள்ளு இருக்கு, கை வச்சா கிழிச்சிரும். வாலு பெரிய கத்திரிக்கோல் கணக்கா. இப்படி ஒண்ணை யாரு ஜெசி உக்காந்து செஞ்சிருப்பா?" பாறை மீன். பேர் அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த மீனை எத்தனை முறை கழுவி அறுத்திருக்கிறாள், ஒருநாளாவது அது திருப்பினால் நீலமாகிறது என்று பார்த்திருக்கிறாளா? சொல்லவில்லை, விழுங்கிக்கொண்டாள். "கண்ணு?" என்றாள். "கண்ணு எப்படி இருக்கு?" "கண்ணா? நான் பாக்கலியே. இரு, பாத்துட்டு வந்து சொல்லுதேன்." போனை எதன்மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. வெறுங்காலில் அவர் நடந்து போகிற சத்தம். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெயிலில் நின்றாள்.